பழைய காரில் முதலில் கிழடாவது எது?

பெட்ரோல் எஞ்சினுக்குள் எரிபொருள் பற்றிக்கொள்ளும் கணத்தில் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. அந்த நெருப்பைத் தலையில் வாங்கிக்கொள்ளும் பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது அந்தப் பிஸ்டன் நொடிக்கு 50 முறை மேலே போய்க் கீழே வருகிறது. நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து நொடிக்கு 100 முறை தீ மூள்கிறது. ஊருக்குள் ஓடும் ஒரு சின்ன காருக்குக் கிலோமீட்டருக்கு 2,500 சுற்று என்று வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அதன் எஞ்சின் 25 கோடிச் சுற்றுகளை முடித்திருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு கார்தான் "ஒரே ஓனர், டாக்டர் வச்சிருந்த வண்டி" என்ற சிபாரிசோடு நம் முன் வந்து நிற்கிறது. வாங்கப் போகிறவர் சுற்றி வந்து பெயின்டைப் பார்க்கிறார். கதவை அடித்துச் சாத்திப் பார்க்கிறார். பானட்டைத் தூக்கி எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார். எல்லாமே உலோகத்தைச் சோதிக்கிற வேலை. ஆனால் காரில் உலோகம் கடைசியாகத்தான் கிழடாகிறது. முதலில் கெடுவது எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ரப்பர். சில நூறு ரூபாய்க்கோ ஓரிரண்டாயிரத்துக்கோ கிடைக்கிற இந்தப் பொருட்கள் செத்த பிறகுதான் பத்தாயிரம், ஐம்பதாயிரம் விலையுள்ள உலோகம் சாகத் தொடங்குகிறது. பழைய கார் வைக்கும் பெரிய செலவுகள் பலவற்றைப் பின்னோக்கித் தேடிப் போனால் இப்படி ஏதோ ஒரு மலிவான பொருளில்தான் போய் நிற்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஹூண்டாய் ஐ10 காரை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில் 1998இல் சான்ட்ரோ வந்தது. அதே ஆலையிலிருந்து 2007 இறுதியில் ஐ10 வெளியானது. பல நாடுகளுக்கு ஏற்றுமதியான வண்டி. தமிழ்நாட்டில் முதல் கார் வாங்கும் குடும்பங்கள் தேடிப்போகும் பழைய வண்டிகளில் இன்றும் அதற்கு இடம் உண்டு. இங்கே சொல்லப்போவது அதற்கு மட்டும் உரியதல்ல. ஆல்ட்டோவுக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் டியாகோவுக்கும் பெரும்பகுதி பொருந்தும். விலைகள் எல்லாம் வெளி மெக்கானிக் கடைகளின் தோராயக் கணக்கு. ஊரையும் உதிரிபாகத்தின் தரத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

ஐ10இன் 1.2 லிட்டர் கப்பா எஞ்சினில் பிஸ்டனின் விட்டம் 71 மில்லிமீட்டர். ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 50 பார் அளவுக்குப் போகிறது என்று கொண்டால், ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டனின் தலைமேல் விழும் விசை ஏறக்குறைய இரண்டு டன் எடைக்குச் சமம். அந்தச் சுமை கனெக்டிங் ராடு வழியாகக் கிராங்க் தண்டுக்குப் போகிறது. ராடுக்கும் தண்டுக்கும் நடுவே பேரிங் ஷெல் என்ற மெல்லிய தகடு இருக்கிறது. ஆனால் அந்தத் தகடு தண்டைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையில் ஓர் ஆயில் படலம் இருக்கிறது. சுமை உச்சத்தில் இருக்கும்போது அதன் தடிமன் சில மைக்ரான், சில வேளைகளில் அதற்கும் கீழே. மனிதத் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். முடியின் பருமனில் இருபதில், ஐம்பதில் ஒரு பங்கு இருக்கிற ஒரு திரவம் இரண்டு டன்னைத் தாங்கிக்கொண்டு இரும்பை இரும்பிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது.

இது எப்படிச் சாத்தியம் என்பது ஒரு தற்செயலில் தெரியவந்தது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேல்பகுதியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாகத் துளை வழியே மேலேறி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. மரமுளையை அடித்தார், அதுவும் வந்துவிட்டது. சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குறுகலான இடைவெளிக்குள் திணிக்கிறது என்பதும், அந்தத் திணிப்பில் உண்டாகும் அழுத்தமே தண்டைத் தூக்கி மிதக்கவைக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தன. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதச் சமன்பாடு எழுதினார். இன்றும் பேரிங் வடிவமைப்புக்கு அடிப்படை அந்தச் சமன்பாடுதான்.

தண்டு சுழன்றால்தான் படலம் உண்டாகும். காலையில் சாவியைத் திருப்பும் முதல் நொடிகளில் அது முழுமையாக உருவாகியிருக்காது. அந்த வேளையைச் சமாளிக்க ஆயிலில் துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த ஒரு வேதிப்பொருள் கரைந்திருக்கிறது. உராய்வின் சூட்டில் அது இரும்பின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சாக ஒட்டிக்கொள்ளும். தேய்வதெல்லாம் அந்தப் பூச்சு, இரும்பு தப்பிக்கும். இதோடு கரியைப் பிடித்து மிதக்கவைக்கும் பொருள், அமிலத்தை முறிக்கும் பொருள், ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் என்று பலவும் ஆயிலில் கலந்திருக்கின்றன. அத்தனையும் தம்மைச் செலவழித்துத்தான் வேலை செய்கின்றன. ஆயில் மாற்றுவது இந்தப் பொருட்கள் தீர்ந்துபோவதால்தான். ஆகவே டிப்ஸ்டிக்கில் ஆயில் கருப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, கரியைப் பிடிக்கிற ஆயில் கருக்கத்தான் செய்யும். கருக்காமல் பொன்னிறமாக இருந்தால், விற்பதற்காக நேற்று மாற்றியது என்று பொருளாக இருக்கலாம்.

இன்னொரு வியப்பையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் அது ஆவியாகிவிடும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரப் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓடிய வண்டியில் ஆவியாகாது, ஆயிலோடு கலந்து கசடாகும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பார்த்தால் வெண்ணெய் நிறத்தில் படிந்திருப்பது தெரியும். "பத்து வருஷத்துல முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்பதைப் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எஞ்சினைப் பொறுத்தவரை அது முழு நற்செய்தி அல்ல.

ஐ10இல் இரண்டு எஞ்சின்கள் உண்டு. 1.1 லிட்டர் எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைச் சுழற்றுவது ரப்பர் பல் பெல்ட். 1.2 லிட்டரில் அந்த வேலைக்கு இரும்புச் சங்கிலி. சங்கிலி என்றால் கவலையில்லை என்று பேசுவார்கள். அந்தச் சங்கிலியை இறுக்கமாக வைத்திருப்பது ஆயிலின் அழுத்தம்தான். ஆயிலைக் கவனிக்காத வண்டியில் சங்கிலி தளர்ந்து, காலையில் கிளப்பும்போது சலசலவென்று சத்தம் கொடுக்கும். பெல்ட் உள்ள வண்டியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கடைசியாக எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா? பெல்ட், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து நாலைந்தாயிரத்தில் முடியும் வேலை. ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும் அபாயம் உண்டு. அந்தச் செலவு இருபதாயிரத்தைத் தாண்டும். ஆயிலும் ஃபில்டரும் மாற்ற இரண்டாயிரம் முதல் மூவாயிரம். எஞ்சினை இறக்கிப் பிரித்து ரிங், பேரிங் மாற்றிப் பூட்ட நாற்பதாயிரத்திலிருந்து தொடங்கும்.

அடுத்தது கூலன்ட். தமிழ்நாட்டில் பழைய கார்களுக்கு அதிகக் கொடுமை இழைக்கப்படுவது இந்த விஷயத்தில்தான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் போர்த் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கிறோம்.

எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் கொதிநிலை ஆறேழு டிகிரிதான் கூடுகிறது. பெரிய உதவி ரேடியேட்டர் மூடியிலிருந்து வருகிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங், காற்றழுத்தத்துக்கு மேல் சுமார் ஒரு பார் வரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். இரண்டும் சேர்ந்து கொதிநிலையை 125 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகின்றன. சித்திரை வெயிலில், ஏசி ஓட, கிண்டி சிக்னலில் நிற்கும் எஞ்சினுக்கு அந்த இடைவெளிதான் காப்பு. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால் அந்தக் காப்பு போய்விடும். மூடியின் விலை சில நூறு ரூபாய்.

கூலன்டின் இன்னொரு வேலை, உள்ளே இருக்கும் அலுமினியத்தை அரிப்பிலிருந்து காப்பது. அதற்கான வேதிப்பொருட்களும் ஆண்டுகள் போகப் போகத் தீர்ந்துவிடும். போர்த் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்புகள் சூட்டில் படிவாக ஒட்டும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைபடும். பிறகு ஒருநாள் வண்டி ஹீட் ஆகும்.

ஹீட் ஆனால் என்ன நடக்கும்? 1.1 லிட்டர் எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, மேலே மூடியிருக்கும் ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீள ஹெட் 100 டிகிரி ஏறும்போது 0.9 மில்லிமீட்டர் நீள்கிறது, கீழே உள்ள இரும்பு 0.45 மில்லிமீட்டர்தான் நீள்கிறது. நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் இந்த இழுபறியை ஒவ்வொரு நாளும் தாங்குகிறது. வெப்பநிலை எல்லை மீறிப்போகும்போது போல்ட்டுகளால் இறுக்கிப் பிடிக்கப்பட்ட ஹெட் விரிய இடமில்லாமல் வளைந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே கேஸ்கெட்டால் அடைக்க முடியாது. எரியும் வாயு தண்ணீருக்குள் போகும், தண்ணீர் ஆயிலுக்குள் போகும். ஆயிலில் தண்ணீர் கலந்தால் மேலே சொன்ன அந்த மைக்ரான் படலம் நிற்காது. கூலன்டின் மரணம் எஞ்சின் முழுவதின் மரணமாக மாறும் வழி இது. ஃபிளஷ் செய்து புதுக் கூலன்ட் ஊற்ற ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. ஹெட்டை இறக்கிச் சமன்செய்து கேஸ்கெட் மாற்றிப் பூட்ட பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம்.

டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளை முழுதாக நம்பக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சூட்டை அளக்கும் சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். குழாய் வெடித்துக் கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கையில் முள் இறங்கக்கூடும். முள் ஏறி, பிறகு காரணமில்லாமல் இறங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பழைய வண்டி வாங்கும்போது எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவான நிறத்தில் இருந்தால் நல்லது. துருநிறத் தண்ணீர் இருந்தால் விலை பேசுவதற்கு முன் யோசியுங்கள். எண்ணெய் மிதந்தால் வேறு வண்டி பாருங்கள்.

இப்போது ரப்பர். சின்ன ஹேட்ச்பேக் என்ற வண்டி உலகில் இருப்பதற்கே ஒரு ரப்பர் உறை காரணம் என்றால் மிகையில்லை. 1959இல் பிரிட்டனில் வந்த மினி காரில் அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்து முன்சக்கரங்களையே ஓட்டவைத்தார். பின்னால் போகும் நீளத் தண்டு தேவையில்லை என்றானதும் அந்த இடம் மனிதர்களுக்குக் கிடைத்தது. 1964இல் இத்தாலியில் டான்டே ஜியாகோசா வடிவமைத்த ஆட்டோபியாங்கி பிரிமுலா, கியர்பாக்ஸை எஞ்சினின் பக்கவாட்டில் வைத்தது. ஐ10 வரைக்கும் சின்ன கார்களில் பெரும்பாலானவை அந்த ஏற்பாட்டைத்தான் பின்பற்றுகின்றன.

ஆனால் முன்சக்கரம் ஓட்டவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். சாதாரண மூட்டு ஒன்றைக் கோணத்தில் வைத்துச் சுழற்றினால் மறுமுனை சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஸ்டீயரிங் கையில் உதறும். 1920களில் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர் இதற்கு விடை கண்டார். இரு கிண்ணங்களுக்கு நடுவே, வளைந்த பள்ளங்களில் ஓடும் ஆறு எஃகுக் குண்டுகள். எந்தக் கோணத்தில் திரும்பினாலும் அந்தக் குண்டுகள் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்தில் போய் நின்றுகொள்ளும். அதனால் உள்ளே போகும் வேகமே வெளியே வரும். நம் காரின் ஒவ்வொரு முன்சக்கரத்துக்குப் பின்னாலும் இந்த மூட்டு இருக்கிறது.

அதைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. மெக்கானிக்குகள் ஆக்ஸில் பூட் என்பார்கள். உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே வீசப்படும், மணல் உள்ளே போகும், எஃகுக் குண்டுகளும் பள்ளங்களும் அரைபடும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக ஓட்டும்போது டக் டக் டக் என்று கேட்டால் மூட்டு போய்விட்டது. உறைக்குச் சில நூறு ரூபாய், மூட்டோடு ஆக்ஸில் மாற்ற ஐந்தாயிரம், எட்டாயிரம். சக்கரத்தை ஒடித்துவைத்து, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் உறையின் மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரப்பர் ஓடித்தான் தேய வேண்டும் என்பதில்லை. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தபடி, கந்தகம் சேர்த்துச் சுடும்போது ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கு நடுவே பாலங்கள் விழுகின்றன. அதனால்தான் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்புகிறது. ஆண்டுகள் போகையில் வெப்பமும் ஆக்ஸிஜனும் புதிய பாலங்களைப் போட்டுக்கொண்டே இருக்க, ரப்பர் கெட்டிப்படுகிறது. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரின் மேல் மூலக்கூறுகளை வெட்டுகிறது. நிழலில் நிறுத்தியே வைத்த காருக்கும் இது நடக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் எட்டு வயது டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

பள்ளத்தில் இறங்கும்போது கேட்கும் கடமுடா சத்தத்தில் பெரும்பகுதி ரப்பர்தான். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுண்ட். ஒவ்வொன்றும் ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்துக்குள் முடியும். முழுவதையும் விட்டுவைத்தால் ஸ்ட்ரட்டும் டயரும் சேர்ந்து போய்ச் செலவு பதினைந்தாயிரமாகும். ஹூண்டாய் மாடல்கள் பலவற்றில் மின்மோட்டார் ஸ்டீயரிங்கில், மோட்டாரை இணைக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு தூளாகி டக்கென்று சத்தம் தரும். துண்டின் விலை மிகக் குறைவு, கழற்றிப் பூட்டும் கூலிதான் அதிகம். இது தெரியாமல் ஸ்டீயரிங் முழுவதையும் மாற்றச் சொல்லும் கடைகள் உண்டு. இரண்டாவது மெக்கானிக்கிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பிரேக் ஆயிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உயிர் போகிற விஷயம் அது. நான்கு பேரும் சாமானும் சேர்ந்து 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் மலையிறங்கினால் அது இழக்கும் ஆற்றல், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி பிரேக்கில்தான் இறங்கும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தாலே அதன் கொதிநிலைக்கான தர வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. குழாய்க்குள் குமிழி உண்டானால், மிதிக்கும் விசை குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற ஆயிரம் ரூபாய்க்குள் ஆகும். மலையிறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும்.

கிளட்ச் பிளேட் தேய்வதற்காகவே செய்யப்பட்ட பொருள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் கியரில் மெதுவாகப் போகையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், கூலி சேர்த்து ஏழாயிரம் முதல் பன்னிரண்டாயிரம். அதை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஏசி விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. "வருஷத்துக்கு ஒரு தடவ கேஸ் அடிக்கணும்" என்பார்கள். உள்ளே இருக்கும் ஆர்-134ஏ வாயு எரிவதில்லை, செலவாவதில்லை. கூலிங் காயிலில் ஆவியாகிச் சூட்டை வாங்கிக்கொண்டு, முன்னால் உள்ள கன்டென்சரில் திரவமாகி அதை வெளியே விட்டுவிட்டு, மூடிய வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் ஒரு ரப்பர் வளையத்திலோ கூலிங் காயிலிலோ. கம்ப்ரசருக்கு வேண்டிய ஆயிலும் அந்த வாயுவோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. வாயு குறைந்தபடி ஓட்டினால் கம்ப்ரசர் ஆயில் கிடைக்காமல் இறுகும். வளையமும் கேஸும் மூவாயிரத்துக்குள், கம்ப்ரசர் பதினைந்தாயிரத்துக்கு மேல். கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் அடிக்கும் கடையை விட்டுவிடுங்கள்.

ஸ்பார்க் பிளக் கதையும் இதே வழியில்தான் போகிறது. பழைய பிளக்கில் பொறி தவறினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பீங்கான் கட்டம் உருகி அடைத்துக்கொள்ளும். நான்கு பிளக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கன்வெர்ட்டரின் விலை பல்லாயிரம். எஞ்சின் விளக்கு மின்னினால் உடனே பார்க்க வேண்டியதற்குக் காரணம் இது. சாவியைப் போட்டதும், கிளப்புவதற்கு முன், அந்த விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வயரைப் பிடுங்கியிருக்கலாம். ஓபிடி ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். பிழைக் குறியீடுகளை நேற்று அழித்திருந்தால், சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று வண்டியின் கணினியே காட்டிக்கொடுக்கும்.

சென்னையில் வாங்குகிறவர்கள் வெள்ளத்தை மறக்கக் கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் கார்கள் கூட்டம் கூட்டமாக நீரில் நின்றன. 2023இல் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அதே நிலை. 1,200 சிசி எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு 300 சிசி. பத்துக்கு ஒன்று என்று சுருக்கும் எஞ்சினில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 33 மில்லிலிட்டர். காற்றுக் குழாய் வழியே அதற்குமேல் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் புகுந்தால் போதும். காற்றைச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. பிஸ்டன் மோதி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். நீரில் நின்ற வண்டியைக் கிளப்பிப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும் செயல்.

எஞ்சினைச் சரிசெய்துவிடலாம். வயரிங் இணைப்புகளுக்குள் போன சேறும் உப்பும் மாதக்கணக்கில் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் பவர் விண்டோ, ஒருநாள் ஃபேன் மோட்டார், ஒருநாள் ஏர்பேக் விளக்கு என்று தொடரும். அதற்கு முடிவே கிடையாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளப் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டல், தரை விரிப்பைத் தூக்கினால் வரும் நாற்றம் ஆகியவற்றை வாசனைத் திரவியம் மறைக்காது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்று தெரிந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பங்க்கில் இன்று கிடைக்கும் இ20 பெட்ரோலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எத்தனால் ஒரு லிட்டரில் 21 மெகாஜூல் ஆற்றலும் பெட்ரோல் ஒரு லிட்டரில் சுமார் 32 மெகாஜூலும் தருகின்றன. அந்தக் கணக்குப்படி, தூய பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20இல் லிட்டருக்கு 7 சதவீதம் அளவுக்கு ஆற்றல் குறைவு. மைலேஜ் சற்றுக் குறைவது இயற்கை. பழைய ஐ10 இந்தக் கலவைக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. எத்தனால் சிலவகை ரப்பரை உப்பவைக்கும் அல்லது கெட்டிப்படுத்தும். ஆகவே பெட்ரோல் குழாய்களையும் அவற்றின் இணைப்பு வளையங்களையும் வாங்கியதும் பார்த்து, வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் பதிவுத் தேதியைப் பாருங்கள், 15 ஆண்டு முடியும் நாள் அருகில் இருந்தால் புதுப்பிக்கும் செலவும் உங்களுடையது. பெயர் மாற்றிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்ற விண்ணப்பியுங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில், பழைய ஓனர் என்ன சொல்லியிருந்தாலும், எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், கூலன்டும், பிரேக் ஆயிலும், பிளக்கும் மாற்றிவிடுங்கள். 1.1 லிட்டர் வண்டியாக இருந்து பில் இல்லையென்றால் டைமிங் பெல்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்து பத்து, பன்னிரண்டாயிரம் ஆகும். கார் விலையைப் பேசும்போதே இந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லாத பளபளப்பான ஐ10 ஒன்றும், பத்தாண்டு பில்களோடு பம்பரில் கீறல் விழுந்த ஐ10 ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால், கீறல் விழுந்ததை எடுங்கள்.